டிவிக்கும் கைக்கும் ஒரே கன்சோல்: பேட்டரி தாங்குமா, சந்தை தாங்குமா?

#1 இரவுக்குருவி

எனக்கு இரவு நேர வேலை. இடைவேளை என்று கிடைப்பது இருபது நிமிடம், சில இரவுகளில் அதுவும் கிடையாது. வீட்டில் டிவி மகளின் ஆட்சியில் இருக்கிறது. அதனால் டிவியிலும் ஓடும், கையிலும் ஓடும் கன்சோல் ஒன்று வாங்கலாம் என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைத் தடுத்து நிறுத்துவது விவரப் பட்டியலில் உள்ள ஒரே வரிதான்: "பேட்டரி சுமார் 2 முதல் 6.5 மணி நேரம்." ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு, அதைச் செய்யும் நின்டெண்டோவே சொல்லும் கணக்கு இது. 2017 மார்ச்சில் வந்த முதல் ஸ்விட்ச்சுக்கு 2.5 முதல் 6.5 என்றார்கள். எட்டு ஆண்டு ஓடிவிட்டது, அமெரிக்க வெளியீட்டு விலை 299.99 டாலரிலிருந்து 449.99 டாலருக்கு ஏறிவிட்டது, பேட்டரி மட்டும் அரை மணி நேரம் இறங்கியிருக்கிறது. இது என்ன வளர்ச்சி?

இரண்டு கேள்விகள். 2-க்கும் 6.5-க்கும் நடுவில் நான் எதை நம்புவது? அடுத்தது, இந்த வகைக் கன்சோலுக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு ஆயுள் உண்டா? முன்பு ஒரு கையடக்கக் கன்சோல் வாங்கினேன். வாங்கிய மறு ஆண்டே அதற்குப் புதுக் கேம் வருவது நின்றுபோனது. பெயர் வேண்டாம், அதன் பக்தர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

#2 மூன்றாம்கண்

பக்தன் வந்துவிட்டேன். எந்தக் கன்சோல் என்று தெரிகிறது. வலிக்கிறது.

#3 வாட்கணக்கு

மணி நேரத்தை மறந்துவிட்டு வாட் கணக்கில் பாருங்கள், குழப்பம் பாதி தீரும்.

முதல் ஸ்விட்ச்சில் உள்ளது 4310 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 16 வாட்-மணி. இது உங்கள் தொட்டியின் கொள்ளளவு. இரண்டரை மணி நேரத்தில் தொட்டி காலியானால் சராசரியாக 6.4 வாட் குடித்திருக்கிறது. ஆறரை மணி நேரம் ஓடினால் 2.5 வாட்கூட இல்லை. ஒரே கருவி, ஒரே பேட்டரி, குடிக்கும் அளவு மட்டும் இரண்டரை மடங்கு வேறுபடுகிறது. சீட்டாட்டம் போன்ற எளிய கேமில் சிப்புக்குப் பெரிய வேலை இல்லை. விரிந்த முப்பரிமாண உலகம் என்றால் ஒவ்வொரு நொடியும் 30 முறை முழுக் காட்சியையும் வரைந்தாக வேண்டும்.

ஸ்விட்ச் 2-ல் 5220 மில்லி ஆம்பியர்-மணி. தொட்டி 20 வாட்-மணியை ஒட்டி வரும். அதை இரண்டே மணி நேரத்தில் குடித்தால் பத்து வாட். தொட்டி கால் பங்கு பெரிதாகியிருக்கிறது, உச்சத் தாகம் ஒன்றரை மடங்காகியிருக்கிறது. உங்கள் அரை மணி நேரம் போன இடம் இதுதான். போதாக்குறைக்குத் திரை 6.2 அங்குலத்திலிருந்து 7.9 அங்குலம், தெளிவு 720 வரியிலிருந்து 1080, நொடிக்கு 120 முறை வரை புதுப்பித்துக்கொள்ளும். பின்னொளியும் அதற்கேற்பக் குடிக்கும்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு: எந்தக் கேம் விளையாடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், எந்த எண் என்று சொல்கிறேன். ஒளியைக் குறைத்து, புதிரோ பழைய பாணிக் கேமோ விளையாடினால் மேல் எண் பக்கம். பெரிய வீட்டுக் கன்சோல்களுக்காகச் செய்ததை இதற்கு மாற்றிக்கொடுத்த கேம்கள் என்றால் கீழ் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

#4 இரவுக்குருவி

புரிகிறது. இப்போது இன்னொரு சந்தேகம். அதே கருவி டிவியில் மாட்டினால் படம் கூர்மையாகிறதே, அது எப்படி? டிவி பெரிது என்பதாலா?

#5 வாட்கணக்கு

டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கும் தாங்கியில், வைத்ததும் மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, எனவே சிப்பை அவிழ்த்துவிடுகிறார்கள். ஸ்விட்ச் 2-ன் வரைகலைப் பகுதி டாக்கில் 1007 மெகாஹெர்ட்ஸ், கையில் 561. பாதிக்குச் சற்று மேல். ஆனால் மின்சாரச் சேமிப்பு பாதியோடு நிற்பதில்லை. சிப் இழுக்கும் திறன், கடிகார வேகத்தோடும் வோல்ட்டேஜின் இருமடியோடும் சேர்ந்து நகர்கிறது. வேகம் குறைந்தால் வோல்ட்டேஜையும் இறக்கலாம். ஒரு பேச்சுக்கு வோல்ட்டேஜ் இருபது சதவீதம் இறங்கியது என்று வையுங்கள்: 0.56 பெருக்கல் 0.64, ஏறத்தாழ 0.36. வேகத்தில் 44 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் மின்செலவில் 64 சதவீதம் மிஞ்சுகிறது. கையில் திரை சிறியது, குறைவான புள்ளிகளை வரைந்தால் கண்ணுக்குப் போதும். கையிலும் டிவியிலும் ஓடும் ஹைபிரிட் என்ற வியாபாரம் முழுக்க இந்தப் பெருக்கலின் மேல்தான் நிற்கிறது.

#6 புதுவரவு

அப்படியானால் பெரிய பேட்டரி வைத்துவிட வேண்டியதுதானே? எதற்கு இந்தக் கஞ்சத்தனம்?

#7 மூன்றாம்கண்

வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஏசஸ் 2023-ல் விட்ட ஆர்ஓஜி ஆலை (ROG Ally) என்ற கையடக்கக் கருவியில் 40 வாட்-மணி. ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது, ஒன்றரை மணி நேரம்தான் ஓடுகிறது என்று எல்லாரும் திட்டினார்கள். அடுத்த ஆண்டே ஆலை எக்ஸ் வந்தது, 80 வாட்-மணியோடு. எடை 678 கிராம். ஸ்விட்ச் 2 கைப்பிடிகளோடு 534 கிராம், பழைய ஸ்விட்ச் 400 கிராம்கூட இல்லை.

படுத்துக்கொண்டு விளையாடுபவன் என்ற முறையில் சொல்கிறேன், 678 கிராம் நெற்றியில் விழுந்தால் தெரியும். நான் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி வைத்திருக்கிறேன், அதுவே 669 கிராம். ஒரு முறை விழுந்தது. மறுநாள் அலுவலகத்தில் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

#8 பழம்பெருச்சாளி

இந்த விவாதத்துக்கு என் வயதில் பாதியாவது இருக்கும். 1989-ல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தபோது இதே சண்டைதான். நான்கு சிறு செல் போட்டால் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பச்சை கலந்த திரை, நான்கே நிழல், பின்னொளி கிடையாது. விளக்குக்கு அடியில் குனிந்து உட்கார வேண்டும். அதே ஆண்டு அடாரி லிங்க்ஸ் வந்தது, வண்ணத் திரை, பின்னொளி. அடுத்த ஆண்டு ஜப்பானில் சேகா கேம் கியர். இரண்டுக்கும் ஆறு செல். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம், பிறகு மறுபடி ஆறு செல். எங்கள் கூட்டத்தில் ஒருவன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திலிருந்து, ரிமோட்டிலிருந்து எல்லாம் செல் கழற்றிப் போட்டு விளையாடுவான். அவன் வீட்டில் யாருக்கும் சரியான நேரம் தெரியாது.

வென்றது எது என்று சொல்ல வேண்டியதில்லை. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. அதை வடிவமைத்த குன்பெய் யோகோய் சொன்ன கொள்கை ஒன்று உண்டு: பழகித் தேய்ந்த, மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய கோணத்தில் பயன்படுத்து என்பது. புத்தம் புதிய சிப்பை வாங்கி வெப்பத்தோடும் பேட்டரியோடும் மல்லுக்கட்டாதே என்று பொருள்.

ஆகவே தம்பி தங்கைகளே, கையடக்கக் கருவியில் பேட்டரிதான் ராஜா.

#9 சாம்பல்பூனை

பெருச்சாளி ஐயா, வணக்கத்தோடு மறுக்கிறேன். அந்தக் கதையை எல்லாரும் பேட்டரிக் கதையாகவே சொல்கிறார்கள். அமெரிக்காவில் கேம் பாய் 89.99 டாலர், கேம் கியர் 149.99, லிங்க்ஸ் 180-ஐத் தொட்டது. கேம் பாய் பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் இருந்தது. பாதி விலை, கூடவே உலகத்தையே பிடித்து ஆட்டிய ஒரு கேம். இவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்லுக்கு மட்டும் மாலை போடுவது நியாயமா?

பேட்டரிதான் ராஜா என்றால் 2017-ல் ஸ்விட்ச் செத்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் டோக்கியோ நிகழ்ச்சியில் விலையும் பேட்டரி நேரமும் வெளியானபோது நின்டெண்டோவின் பங்கு விலையே சரிந்தது. இரண்டரை மணி நேரக் கையடக்கக் கருவியா என்று சிரித்தார்கள். கூடவே வந்த ஜெல்டா கேம் சுமார் மூன்று மணி நேரம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் கன்சோல் 15 கோடியைத் தாண்டி விற்றது.

#10 பழம்பெருச்சாளி

> பேட்டரிதான் ராஜா என்றால் 2017-ல் ஸ்விட்ச் செத்திருக்க வேண்டும்

பூனையாரே, நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. கையிலும் டிவியிலும் ஓடும் யோசனை ஸ்விட்ச்சோடு பிறந்ததல்ல. 1995-ல் சேகா நோமாட் என்று ஒன்று அமெரிக்காவில் வந்தது. வீட்டு ஜெனிசிஸ் கன்சோலின் கேம் அட்டைகளையே கையில் போட்டு விளையாடலாம், கம்பி மாட்டினால் டிவியிலும் தெரியும், இரண்டாவது ஆளுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி மாட்டவும் துளை உண்டு. முழு ஹைபிரிட், ஸ்விட்ச்சுக்கு 22 ஆண்டு முன்பு. ஆறு செல்லை இரண்டு மூன்று மணி நேரத்தில் தின்று தீர்த்தது. யாருக்காவது நினைவிருக்கிறதா?

#11 சாம்பல்பூனை

நினைவில்லைதான். ஆனால் 1995-ல் ஜெனிசிஸ் தன் காலத்தை முடித்துக்கொண்டிருந்தது. போகும் ரயிலில் ஏறச் சொல்லி டிக்கெட் விற்றார்கள்.

#12 வாட்கணக்கு

இரண்டு பேரும் ஒரே யானையைத் தடவுகிறீர்கள். 1995-ல் இரண்டு மணி நேரம் என்றால் செல் தீர்ந்ததும் கடைக்கு ஓட வேண்டும். 2017-ல் யூஎஸ்பி-சி துளை இருந்தது, பவர் பேங்க் எல்லார் பையிலும் இருந்தது. ஸ்விட்ச்சின் உறக்க நிலையும் ஒழுங்காக வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தினால் உறங்கும், மறுநாள் எழுப்பினால் விட்ட நொடியிலேயே நிற்கும். இரவுக்குருவி போல இருபது இருபது நிமிடமாக விளையாடுபவருக்கு இரண்டரை மணி நேரம் என்பது ஏழு அமர்வு. நடுவே வீட்டுக்கு வந்து டாக்கில் வைத்தால் தானாக நிரம்பிவிடும். டாக் என்பது பாதி சார்ஜர் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. "டிவியில் பார்க்கலாம்" என்று விற்றார்கள். நான் பார்த்தவரை பலரும் சாவி மாட்டும் ஆணியைப் போலத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். கருவியை வைக்க வீட்டில் ஓர் இடம், வைத்தால் சார்ஜ் ஏறும்.

#13 மூன்றாம்கண்

உறக்க நிலையை நான் வழிமொழிகிறேன். விண்டோஸ் ஓடும் கையடக்கக் கணினிகளில் பெரிய தலைவலியே அதுதான். உறங்க வைத்துப் பையில் போட்டால் உள்ளே தானாக விழித்துக்கொண்டு சூடாகும், எடுக்கும்போது பேட்டரி துடைத்த மாதிரி இருக்கும். இன்னொரு நிறுவனத்தின் கருவியில் எனக்கே நடந்தது. பையின் துணி வெதுவெதுப்பாக இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். டெக் வாங்கியபின் அந்தக் கவலை இல்லை.

டெக்கில் எனக்குப் பிடித்த இன்னொன்று, கடிவாளம் நம் கையில். அதிகாரபூர்வக் கணக்கு 2 முதல் 8 மணி நேரம், 2023 நவம்பரில் வந்த ஓலெட் வடிவத்தில் 50 வாட்-மணி பேட்டரி, 3 முதல் 12. ஆனால் நான் நொடிக்கு 40 சட்டகம், அதாவது 40 படம், என்று பூட்டிவிடுவேன். 30-க்கும் 60-க்கும் நடுவில் 45 தானே வர வேண்டும் என்று தோன்றும். காத்திருக்கும் நேரத்தில் கணக்கிட்டால் 30-ல் ஒரு சட்டகத்துக்கு 33.3 மில்லி நொடி, 60-ல் 16.7, சரியாக நடுவில் 25. அதாவது 40 சட்டகம். கண்ணுக்கு நன்றாக வழுக்குகிறது, 60-க்குக் கொடுக்கும் மின்சாரம் தேவைப்படுவதில்லை. சிப் எத்தனை வாட் இழுக்கலாம் என்றும் வரம்பு வைக்கலாம். நின்டெண்டோ இதையெல்லாம் பயனர் கையில் கொடுப்பதில்லை.

#14 இரவுக்குருவி

மூன்றாம்கண் அண்ணா, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் இருபது நிமிட இடைவேளையில் நான் வாட் வரம்பு வைத்துக்கொண்டிருந்தால் விளையாட எப்போது நேரம்?

#15 மூன்றாம்கண்

நியாயம். ஒரு முறை வைத்தால் ஒவ்வொரு கேமுக்கும் நினைவு வைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன். அமைய மாட்டேன் என்பது வேறு விஷயம்.

#16 சாம்பல்பூனை

சரி, இரவுக்குருவியின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. தொடுகிறேன்.

எண்கள் இப்போதைக்குப் பிரமாதம். ஸ்விட்ச் 2 வெளிவந்தது 2025 ஜூன் 5. முதல் நான்கு நாளில் 35 லட்சத்துக்கு மேல். செப்டம்பர் முடிவில் ஒரு கோடியே மூன்று லட்சத்தைத் தாண்டியது. நிதியாண்டு முழுவதற்கும் 1.5 கோடி என்று வைத்திருந்த இலக்கை 1.9 கோடியாக உயர்த்தினார்கள். இதைப் பார்த்துப் பலரும் முடிவு தெரிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காரணம், இந்த நிறுவனத்தில் அப்பன் சொத்து மகனுக்கு அப்படியே போகும் என்ற உறுதி இல்லை. வீ (Wii) கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றது, அடுத்து வந்த வீ யூ 1.356 கோடியோடு முடங்கியது. கையடக்கத்தில் டிஎஸ் 15.4 கோடி, அடுத்து வந்த 3டிஎஸ் 7.594 கோடி, சரிபாதி. அதுவும் எப்படி? 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு விட்டு, ஆறே மாதத்தில் 15,000-க்கு இறக்கிய பிறகு. முதல் ஒரு கோடிப் பேர் எப்போதும் வரிசையில் நிற்கிற ஆட்கள். அடுத்த ஐந்து கோடிப் பேர் யார் என்பதுதான் கேள்வி, அவர்கள் பார்ப்பது விலையை.

விலை இறங்குமா? கன்சோல் என்றால் வயதாக ஆக மலியும் என்பது நாம் வளர்ந்த உலகம். இப்போது தலைகீழ். எட்டு ஆண்டுப் பழைய முதல் ஸ்விட்ச்சின் விலையை 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 299.99-லிருந்து 339.99 டாலருக்கு ஏற்றினார்கள். பழையதே ஏறும்போது புதியது எப்படி இறங்கும்? ஜப்பானில் மட்டும் தந்திரமாக ஒரு வேலை செய்தார்கள். வெளியீட்டின்போது ஜப்பானிய மொழி மட்டும் பேசும் வடிவம் 49,980 யென், பன்மொழி வடிவம் 69,980. உள்ளூர்க்காரருக்கு 20,000 யென் குறைவு, வெளியாள் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. விலை எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

#17 வாட்கணக்கு

வீ யூ ஒப்பீட்டில் ஒன்று விட்டுப்போகிறது. அதன் திரைப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு சோபா வரைதான் போக முடியும். பெட்டியின் எல்லையைத் தாண்டினால் படம் அறுந்துவிடும். அந்தப் பலகையின் பேட்டரியும் 3 முதல் 5 மணி நேரம்தான். சிப் பெட்டியில், திரை கையில். ஸ்விட்ச்சில் சிப்பையே கைக்குக் கொண்டுவந்தார்கள், டிவியை வெறும் திரையாக்கினார்கள். தோற்றதிலிருந்துதான் வென்றது முளைத்திருக்கிறது.

இன்னொன்று, பூனை. வீட்டுக் கன்சோலுக்கு ஒரு கேம் அணி, கையடக்கத்துக்கு வேறோர் அணி என்று அவர்கள் இரண்டு அடுப்பு எரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரே அடுப்பு. கேம் வறட்சி குறைந்ததற்கு அது பெரிய காரணம். இரவுக்குருவி அனுபவித்த "மறு ஆண்டே கேம் நின்றுபோனது" என்ற நிலை இங்கே வர வாய்ப்புக் குறைவு. நிறுவனத்துக்கு ஓட வேறு இடமில்லை.

#18 சாம்பல்பூனை

ஒரே அடுப்பு அணைந்தால் சோறே இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

#19 புதுவரவு

மலிவாக வேண்டும் என்றால் ஸ்விட்ச் லைட் போதாதா? 3 முதல் 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. பேட்டரி 3570 தான், ஆனால் முதல் ஸ்விட்ச்சைவிட அதிக நேரம். இது எப்படி?

#20 வாட்கணக்கு

நல்ல கண் உங்களுக்கு. லைட் வந்தது 2019 செப்டம்பரில். அதற்குச் சற்று முன், ஆகஸ்டில், பெரிய ஸ்விட்ச்சையும் ஓசையில்லாமல் மாற்றினார்கள். பெயர் அதே, விலை அதே, பேட்டரியும் அதே 4310. நேரம் மட்டும் 2.5-6.5 என்பது 4.5-9 ஆனது. அதே ஜெல்டா கேம் மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குத் தாவியது. பேட்டரியில் யாரும் கைவைக்கவில்லை. உள்ளே இருந்த டெக்ரா சிப்பை 20 நானோமீட்டர் முறையிலிருந்து இன்னும் நுண்ணிய 16 நானோமீட்டர் தயாரிப்பு முறைக்கு மாற்றினார்கள். அதே வேலையைக் குறைந்த வோல்ட்டேஜில் செய்தது. மேலே சொன்ன இருமடியை நினைவில் வையுங்கள். லைட்டிலும் அந்தச் சிப்தான், திரையும் 5.5 அங்குலமே.

ஆகவே என்னைக் கேட்டால் ஸ்விட்ச் 2-ன் உண்மையான கையடக்க வடிவம் இன்னும் வரவில்லை. இப்போது உள்ள சிப் 8 நானோமீட்டர் வகை என்று பிரித்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதைவிட நுண்ணிய முறைகள் இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே இருக்கின்றன. சிப்பைச் சுருக்க இடம் நிறைய இருக்கிறது. சுருக்குவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, முன்பு செய்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

லைட்டை டிவியில் மாட்ட முடியாது என்பதைப் புதுவரவு கவனிக்கவும். நூறு டாலர் மலிவாக விட்டும் விற்பனையில் முதல் வடிவத்தின் அருகில்கூட அது வரவில்லை. டிவியில் பெரும்பாலும் மாட்டாதவர்களும், மாட்டலாம் என்ற வசதிக்குக் காசு கொடுக்கிறார்கள்.

#21 பழம்பெருச்சாளி

வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

#22 இரவுக்குருவி

பவர் பேங்க் பற்றி ஒருவர் சொல்லுங்கள். என்னிடம் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியது ஒன்று இருக்கிறது. 5220-க்கு இரண்டு முறை வரும்தானே?

#23 வாட்கணக்கு

வராது. அந்த 10,000 உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டில் எழுதியது, அதாவது 37 வாட்-மணி. அதை ஏற்றி வெளியே அனுப்பும்போதே ஒரு பங்கு சூடாகப் போகும், கன்சோல் பேட்டரிக்குள் இறக்கும்போது இன்னொரு பங்கு. கைக்கு வருவது 30-ஐ ஒட்டி. 20 வாட்-மணித் தொட்டி ஒன்றரை முறை நிரம்பினால் மகிழுங்கள். எத்தனை வாட் தருகிறது என்பதையும் பாருங்கள். பழைய கைப்பேசிச் சார்ஜர் போல 5 வோல்ட், 1 ஆம்பியர் மட்டும் கொடுத்தால் அது ஐந்து வாட். பத்து வாட் குடிக்கும் கேமை ஓடவிட்டுக்கொண்டு ஐந்து வாட் ஊற்றினால், சார்ஜரை மாட்டிய நிலையிலேயே பேட்டரி இறங்குவதைப் பார்க்கலாம். கருவி கெட்டுவிட்டது என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். 30 வாட்டுக்கு மேல் தரக்கூடிய யூஎஸ்பி-சி பவர் பேங்க் வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் இரவுக்குருவி, உங்களுக்கு இன்றைய இரண்டு மணி நேரம் பிரச்சினையே அல்ல. நான்காம் ஆண்டு என்ன என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரி தேயும். முதல் ஸ்விட்ச்சுக்கு, 800 முறை சார்ஜ் ஆனபின் ஏறத்தாழ 80 சதவீதம் தாங்கும் என்று நின்டெண்டோ சொல்கிறது. தினமும் ஒரு முழுச் சுற்று என்றால் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். பாதி பாதியாகச் சார்ஜ் செய்தால் இரண்டு பாதி சேர்ந்துதான் ஒரு சுற்று, எனவே உங்களுக்கு இன்னும் நீளும். ஆறரை மணியில் ஐந்தில் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. இரண்டு மணியில் போனால் ஒரு மணி 36 நிமிடம், உடனே தெரியும். ஸ்விட்ச் 2-ல் சுமார் 90 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது. எப்போதும் டாக்கிலேயே இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். முழுதாக நிரம்பிய நிலையில் சூட்டில் கிடப்பதுதான் லித்தியத்துக்குப் பெரிய பகை.

#24 மூன்றாம்கண்

தேய்ந்தபின் மாற்றுவது? ஸ்விட்ச் 2-ஐப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் தளம், பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் கொடுத்தது. பேட்டரியைக் கெட்டியான பசையால் ஒட்டியிருக்கிறார்கள். இங்கேதான் எனக்குச் சந்தை பற்றி நம்பிக்கை வருகிறது, வேறு வழியில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி விதிப்படி, கருவிகளில் உள்ள பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும், 2027 பிப்ரவரி 18 முதல். விலக்குகள் சில உண்டு. ஆனால் ஐரோப்பாவில் விற்க வேண்டும் என்றால் பசையைப் பற்றி யோசித்தாக வேண்டும். ஐரோப்பாவுக்கு ஒரு மாதிரி, மற்றவர்க்கு ஒரு மாதிரி என்று எத்தனை நாள் செய்வார்கள்?

#25 சாம்பல்பூனை

தேவைப்படும் வரை செய்வார்கள். மொழிக்கு ஒரு மாதிரி செய்தவர்கள்தானே.

#26 வாட்கணக்கு

பழைய கையடக்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லித்தியம் பேட்டரி உள்ள கன்சோலை அலமாரியில் போட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள். அடிமட்டத்துக்கு வற்றிப்போன பேட்டரி மறுபடி எழாமலே போகலாம், சில நேரம் உப்பும்.

#27 பழம்பெருச்சாளி

வாட்கணக்கு சொன்னதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.

மேலே இருந்தது ஒரு லித்தியம் கருவி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, தப்பு என்னுடையது, ஆறு ஆண்டாகத் தொடவில்லை. மேசையில் வைத்தால் சமமாக உட்காரவில்லை, தொட்டில் போல ஆடியது. பின்மூடி நடுவில் மேடிட்டிருக்கிறது. ஓரத்தில் விரல் நகம் போகும் அளவுக்கு இடுக்கு, உள்ளே வெள்ளிநிறப் பை தெரிகிறது.

அதற்கடியில் கேம் பாய். செல் கழற்றிவிட்டுத்தான் வைத்திருந்தேன், அந்த ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன். செல் அறையின் கம்பிச் சுருளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது, பருத்தித் துணியில் வினிகர் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, நான்கு செல் போட்டேன். திரைக்குப் பக்கத்தில் உள்ள சிவப்பு விளக்கு எரிந்தது. "டிங்" என்ற ஓசையும் வந்தது. திரையில் இரண்டு வரி மட்டும் செத்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே.

விவாதத்தில் வெல்ல இதைச் சொல்லவில்லை. பூனையார் விலை பற்றிச் சொன்னது சரிதான்.

#28 சாம்பல்பூனை

வென்றுவிட்டீர்கள் ஐயா, விடுங்கள்.

#29 வாட்கணக்கு

ஐயா, அந்த உப்பியதைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள், பை கிழிந்தால் தீப்பிடிக்கும். இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்?

#30 பழம்பெருச்சாளி

பால்கனியில், செடி பட்டுப்போன மண் தொட்டியில், மணலுக்குள். வெயில் படாத பக்கம். நாளை மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுகிறேன். கேம் பாயைப் பேரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். திரையில் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது ஏன் நகரவில்லை என்று கேட்கிறான்.

#31 இரவுக்குருவி

எல்லாருக்கும் நன்றி. ஸ்விட்ச் 2 வாங்குகிறேன், ஆனால் இப்போது இல்லை. 2019-ல் நடந்தது போலச் சுருக்கிய சிப் வருகிறதா என்று ஓர் ஆண்டு பார்க்கிறேன். அதுவரை அக்கா மகனின் பழைய ஸ்விட்ச்சை வாங்கி விளையாடப்போகிறேன், அவனிடம் சும்மாதான் கிடக்கிறது. அது 2019-க்கு முந்தையதா பிந்தையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#32 வாட்கணக்கு

பின்பக்கம் மாதிரி எண்ணைப் பாருங்கள். எச்ஏசி-001 என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் -01 இருந்தால் பிந்தையது, 4.5 முதல் 9. இல்லாவிட்டால் முந்தையது.

#33 இரவுக்குருவி

பார்த்துவிட்டேன். அடைப்புக்குறி இல்லை.

#34 மூன்றாம்கண்

ஏழு இடைவேளை, தங்கையே. போதும்.